கொம்புக்குப் பின் வந்த வெயில்

ஜெர்பா, ஹாரா கபீரா
ஐயார் மாதம் 11, ஞாயிறு

மாப்பிள்ளை கமூஸ் ஹத்தாதுக்கு, உம் மனைவி கஸாலாவின் தமையன், ரப்பி ஸாஸி உஸான் எழுதுவது.

நலம் கேட்டுத் தொடங்குவது முறை. சபை விலக்கி வைத்தவனை நலம் கேட்கலாகாது என்பது அதனினும் பழைய முறை. ஆகவே நேரே சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை தெற்கிலிருந்து மணற்காற்று எழுந்து வானத்தை மூடியதை நீரும் கண்டீர். கூரைமேல் நின்ற எனக்குப் பேரீச்சையின் உச்சியும் தெரியவில்லை. பொழுது சாய்ந்தது என்று எண்ணி ஓய்வுநாள் கொம்பை ஊதினேன். கடைகள் மூடின, பெண்கள் விளக்கேற்றினர், சபை கூடி ஓய்வுநாளை வரவேற்றுப் பாடியது. பாடி முடிப்பதற்குள் காற்று விழுந்தது. சூரியன் செக்கச்செவேல் என்று மரங்களுக்கு மேல் நின்றது.

இதை நான் மறைக்கவில்லை. நம் யூதக் குடியிருப்பு, இந்த ஹாரா முழுவதும் கண்டது. என் கணிப்புப் பிழைத்தது. ஆனால் சபை ஏற்றுக்கொண்ட ஓய்வுநாளைச் சூரியன் வந்து திருப்பிக் கேட்க முடியாது. பெரும்பாலோர் ஏற்றது எஞ்சியோரையும் கட்டும். முன்னோர் வகுத்த விதி அது. அடுப்புக்காரரான நீர் ஒருவர் மட்டுமே, ஓய்வுநாளில் நெருப்பு மூட்டலாகாது என்பதை மீறி, பொது அடுப்பின் வாயை அடைத்த களிமண் பூச்சை உடைத்து மறுபடி விறகு திணித்தீர்.

ஓய்வுநாள் காவலர்கள் உம்மிடம் வந்தார்கள். என் மகன் ரஹ்மீன் அவர்களுக்குத் தலைவன். அதன்பின் நடந்ததை எழுத என் எழுதுகோல் கூசுகிறது. அவர்கள் உமது கையை நசுக்கினார்கள். உமது இரும்புத் துடுப்பு அவனுடைய இடக்கண்ணைப் பறித்தது. அடுப்பிலிருந்த பானைகள் எல்லாம் வீதியில் உடைந்தன. இரவெல்லாம் அடுப்பில் வெந்து சனிக்கிழமை உணவாக வேண்டிய தஃபீனா தெருவில் ஓடியது, அதை நாய்கள் நக்கின. மறுநாள் ஹாரா காய்ந்த ரொட்டியும் உப்பிட்ட ஆலிவும் தின்று ஓய்ந்திருந்தது.

நீர் காபிஸுக்குப் போன நாள் முதல் கஸாலா அடுப்பறையைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டியிருக்கிறாள். கேட்கப் போன மூப்பர்களிடம், "சாவி வேணும்னா கழுத்தோட எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாளாம்.

நான் கேட்பது ஒன்றே. திரும்பி வந்து வெறுங்காலுடன் சபைமுன் நின்று மன்னிப்புக் கேளும். அன்றே விலக்கு நீங்கும்.

ஸாஸி உஸான்


காபிஸ்
ஐயார் 15, வியாழன்

மச்சானுக்குக் கமூஸ் எழுதுவது.

எழுத்து நண்டு மாதிரி நகர்கிறதே என்று பார்க்காதீர்கள். இடக்கையால் எழுதுகிறேன். வலக்கை இல்லை. எலும்பு சேரும் என்று நம்பி என் தங்கை வீட்டுக்கு வந்தேன். சதை கறுத்துவிட்டது. பிரெஞ்சு டாக்டர் மணிக்கட்டோடு அறுத்தார். அறுத்ததை என்ன செய்வது என்று கேட்டார். நம் வழக்கப்படி புதைக்கக் கேட்டு வாங்கினேன். காபிஸ் கல்லறைத் தோட்டத்தில் என்னில் ஒரு பங்கு முன்னால் போய்ப் படுத்திருக்கிறது.

நடந்ததை எழுதக் கூசுகிறது என்றீர்கள். எனக்குக் கூச்சம் இல்லை.

காற்று நின்று வெயில் வந்ததும் பெண்கள் பானைகளோடு ஓடி வந்தார்கள். புழுதியில் வழி தெரியாமல் வீட்டுக்குள் அடைபட்டிருந்தவர்கள். எல்லோருக்கும் கடைசியில் விதவை மெஸவூதா, சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். அவளுடைய சின்னப் பானையில் கோதுமையும் அவரையும் ஒரே ஒரு முட்டையும். அவளைத் திருப்பி அனுப்ப எனக்கு வாய் வரவில்லை. பூச்சை உடைத்தேன். அப்போதுதான் உங்கள் மகன் வந்தான்.

"மாமா, வெளிய வாங்க. கொம்பு ஊதியாச்சு."

"நீ வெளிய பாரு மாப்ளே. வெயில் அடிக்குது."

"வெயில் எங்கப்பாவை விடப் பெருசா?"

"உங்கப்பாவைப் படைச்சவன் ஏத்தி வெச்ச விளக்குடா அது."

கூட வந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். சிரிப்பு ரஹ்மீனைச் சுட்டது. மெஸவூதா பக்கம் திரும்பி, "ஒரு சனிக்கிழமை சூடாத் திங்கலேன்னா செத்துடமாட்டே, போ" என்று அவள் கையிலிருந்த பானையை எட்டி உதைத்தான். அவள் கீழே உட்கார்ந்து முட்டையைத் தேடினாள்.

நான் அவனை அறைந்தேன். அது என் குற்றம், மறுக்கவில்லை.

பிறகு என்னைப் பிடித்துக்கொண்டார்கள். என் வலக்கையை அடுப்புவாயின் விளிம்பில் வைத்து, உங்கள் மகன் இரும்புக் கதவைச் சாத்தினான். சாத்திவிட்டுத் தோளால் சாய்ந்து நின்றான். கதவு நெருப்பில் காய்ந்திருந்தது. என் தோல் பொசுங்கிய வாசனை எனக்கே பசியைக் கிளப்பியது, மச்சான். அவ்வளவு கேடுகெட்ட உடம்பு இது. இடக்கைக்கு எட்டிய துடுப்பை வீசினேன். அது எங்கே படும் என்று நான் பார்க்கவில்லை.

ஒன்று சொல்கிறேன். நீங்கள் கூரையில் நின்று ஊதும்போது நான் கீழே நின்று கடைசிப் பானையைத் தள்ளிக்கொண்டிருப்பேன். ஹாராவில் எல்லோருக்கும் பின்னால்தான் எனக்கு ஓய்வுநாள் பிறக்கும். ஒருநாளும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. ஒருவன் வியர்த்தால்தான் மற்றவர்கள் ஓய முடியும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?

மன்னிப்புக் கேட்க வரமாட்டேன். வேறொன்றுக்கு வருவேன். அநீதி பட்டவன் ஓய்வுநாளில் வேதச்சுருள் இருக்கும் பேழைமேல் கைவைத்துத் தடுத்தால், சபை அவனுக்குப் பதில் சொல்லும்வரை திருச்சுருளை வாசிக்கக் கூடாது. அதுவும் முன்னோர் விதிதானே? மிச்சம் இருக்கும் கையை அதற்காகத்தான் வைத்திருக்கிறேன்.

கமூஸ்


ஹாரா கபீரா
ஐயார் 20, செவ்வாய்

மாப்பிள்ளை,

உமது கை போன செய்தியைக் கஸாலாவிடம் நானே சென்று சொன்னேன். அவள் அழவில்லை. என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

வராதீர். கட்டளையாக அல்ல, வேண்டுதலாக எழுதுகிறேன்.

ரஹ்மீனுக்கு நிச்சயித்திருந்த பெண்ணின் தந்தை, "கண்ணு போன பையனுக்கு என் பொண்ணைக் குடுக்கறதுக்கில்ல ரப்பி, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிப் போய்விட்டார். ஹாராவின் ஆடு கோழிகளை முறைப்படி அறுக்கும் பணியிலிருந்தும் அவனை மூப்பர்கள் நிறுத்தினார்கள். கத்தியின் கூரில் பல் விழுந்து அது அறுக்கத் தகாததாகியிருந்தால் ஒற்றைக் கண்ணுக்குப் புலப்படாது என்பது அவர்கள் சொன்ன காரணம். கத்தி அவனுடையது, அவனிடமே இருக்கிறது. எதையும் அறுக்காத கத்தியை அவன் நாள்தோறும் தீட்டுகிறான். நகத்தின்மேல் ஓட்டிக் கூர் பார்க்கிறான். மறுபடியும் தீட்டுகிறான். அந்த ஓசை என் வேதப் படிப்பின் ஊடே நுழைகிறது.

"அந்த ஆளு பேழைகிட்ட வரட்டும். அங்கேயே அறுக்கறேன்" என்று கடைத்தெருவில் நின்று ஆணையிட்டிருக்கிறான்.

நான் அவனை அழைத்து அறைந்தேன். அவன் சிரித்தான். "நீங்க ஊதினீங்க அப்பா. நாங்க காவல் காத்தோம். இப்ப எதுக்கு என்னை மட்டும் அடிக்கறீங்க?" என்றான். வேதத்தின் எத்தனையோ முடிச்சுகளை அவிழ்த்துக் காட்டியவன் என்று ஊர் என்னைச் சொல்லும். இந்த ஒரு கேள்விக்கு நான் விடை தேடிக்கொண்டிருக்கிறேன்.

சென்ற வியாழனன்று காவலர்கள் அடுப்பைத் திறக்கச் சொல்லிக் கஸாலாவின் வீட்டின்மேல் கல்லெறிந்தார்கள். அவள் கூரையேறித் தணல் கலந்த சாம்பலை அவர்கள் தலையில் கொட்டினாள். "வாங்கடா, உங்களுக்கும் தஃபீனா வெக்கிறேன்!" என்று அவள் கூவியது ஜெபக்கூடம்வரை கேட்டது. ஒருவனுடைய தலைத்தோல் உரிந்துவிட்டது.

வார நாளொன்றில் வாரும். மூன்று நீதிபதிகளை அமர்த்துகிறேன். கதவடைத்து, அமைதியாக, உம் வழக்கைக் கேட்போம். பேழையின் முன் இரத்தம் சிந்துமானால் அந்த இடத்தில் நின்று இறைவனிடம் எதைக் கேட்பேன்?

ஸாஸி உஸான்


காபிஸ்
ஐயார் 25, ஞாயிறு

மச்சானுக்கு,

மூன்று நீதிபதிகள் யார்? நீங்கள், உங்கள் பங்காளி, உங்களிடம் படித்தவர். கதவை அடைத்துக் கேட்பீர்கள். அடைத்த கதவுக்குள்ளேயே என் கை மறந்துபோகும். வீதி பார்க்க நசுக்கியதை வீதி முழுவதும் கேட்கட்டும். ஓய்வுநாளில்தான் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வேறு எப்போது என் பேச்சைக் கேட்க அவர்களுக்கு நேரம் இருக்கும்?

வெள்ளிக்கிழமை பகலிலேயே படகில் அக்கரை சேர்ந்துவிடுவேன். ஓய்வுநாளில் பயணம் செய்தான் என்று இன்னொரு குற்றம் என்மேல் வேண்டாம்.

கத்தியைப் பற்றி எழுதினீர்கள். என்னைப் பயமுறுத்துவதற்கு எழுதினீர்களா, எனக்காகப் பயந்து எழுதினீர்களா? திரும்பத் திரும்பப் படித்தேன். பிடிபடவில்லை. பயமுறுத்த என்றால் வீண் வேலை. பயந்து என்றால், கத்தியைப் பிடுங்க உங்களுக்கு இரண்டு கைகள் இருக்கின்றன.

கமூஸ்


ஹூம்த் சூக்
சிவான் மாதம் 4, திங்கள்

கமூஸ்,

மருத்துவமனையில் உம் கட்டிலருகே வந்தேன். நீர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர். ஆகவே வாசற்படியில் அமர்ந்து எழுதுகிறேன். கஸாலா உள்ளே கொண்டுவருவாள். நீர் மயங்கி விழுந்தபின் நடந்ததை உமக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் நான்.

நீர் இடக்கையைப் பேழையின் திரைமேல் ஊன்றி, "என் வழக்குக்குப் பதில் சொல்லாம இந்தச் சுருள் வெளிய வராது" என்றீர். கட்டுப்போட்ட உமது மற்றக் கையை எல்லோரும் பார்த்தார்கள். ரஹ்மீன் எழுந்தான். ஓய்வுநாளில் ஒரு பொருளும் சுமக்கலாகாது என்று, சட்டைப்பையில் ஊசி வைத்துக்கொண்டு தெருவில் நடந்த தையற்காரனை அடித்தவன் அவன். அவனே தொழுகைச் சால்வைக்குள் கத்தியைச் சுமந்து வந்திருந்தான்.

அவன் உமது வயிற்றைக் குறி வைத்தான். நான் மணிக்கட்டைப் பிடித்தேன். கத்தி வழுக்கித் தொடையில் இறங்கி எலும்பில் முட்டி நின்றது. இரத்தம் திரையில் தெறித்தது. அதன்பின் நான் செய்ததைக் கேளும். பெற்ற மகனின் தலைமயிரைப் பற்றி, அவன் தலையை மேடைக் கட்டையில் மோதினேன். ஒருமுறையல்ல. நான்கு பேர் சேர்ந்து என் விரல்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. பிரிக்காமல் இருந்திருந்தால் அவனை முடித்திருப்பேன்.

இரத்தம் நிற்கவில்லை. காய்ச்சிய இரும்பு வேண்டும் என்று எவரோ சொன்னார். "பக்கத்துல இருக்கற முஸ்லிம் அஹ்மதைக் கூப்பிட்டு நெருப்பு மூட்டச் சொல்லலாம், ரப்பி. நம்ம கை படவேணாம்" என்றார் இன்னொருவர். நான் மறுத்தேன். உயிர் போகும் வேளையில் ஓய்வுநாளை மீறுவது கடமை. அதையும் சபையின் தலைவனே முதலில் செய்ய வேண்டும். இல்லையேல் அடுத்த முறை மக்கள் அந்நியனைத் தேடி ஓடுவார்கள். அதற்குள் உயிர் போய்விடும். இதுவும் முன்னோர் விதிதான். இதுநாள்வரை அதைப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன், செய்ததில்லை.

உம் வீட்டுக்கு ஓடினேன். கஸாலா சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலை மறித்தாள்.

"அண்ணா, இன்னைக்கு என்ன கிழமை?"

"கதவைத் திற."

"கிழமையச் சொல்லு. நீ ஊதினாத்தானே எங்களுக்குக் கிழமை தெரியும்."

"சனிக்கிழமை. உன் புருஷன் சாகப்போறான். திறடி."

திறந்தாள். அடுப்பின் முன் மண்டியிட்டேன். எனக்கு நெருப்பு மூட்டத் தெரியவில்லை, கமூஸ். ஈர விறகை அடியில் வைத்தேன். புகை கண்ணைக் குத்தியது. வாழ்நாள் முழுவதும் ஓய்வுநாளில் சூடாக உண்டவன், அந்தச் சூடு எப்படி எழுகிறது என்று அறியாமல் தரையில் தவழ்ந்தேன். "சுள்ளி கீழ, கட்டை மேல. விலகி ஊது. கொம்பு ஊதற மாதிரி ஊதாதே" என்றாள். ஊதினேன். பற்றிக்கொண்டது.

என் மகனின் கண்ணைப் பறித்த அதே துடுப்பின் முனையைப் பழுக்கக் காய்ச்சி, ஜெபக்கூடத்துக்கு எடுத்துவந்து, உமது தொடையில் நானே அழுத்தினேன். நீர் எழுதியிருந்த அந்த வாசனையை நானும் அறிந்தேன். பிறகு குதிரைவண்டியில் உம்மைக் கிடத்தி, உமது தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஹாராவின் நடுத்தெரு வழியே ஓய்வுநாளில் வண்டியேறிச் சென்றேன். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் தலைக்குமேல் துணி போடாமல் சென்றேன்.

உம்மேலிருந்த விலக்கை நீக்கினேன். அதை ரஹ்மீன்மேல் வைத்தேன். விலக்குண்டவனுக்குரிய தண்டனைப்படி அவன் ஜெபக்கூடத்தின் வாசற்படியில் குறுக்கே கிடக்கிறான். வருவோர் தாண்டிச் செல்கிறார்கள். மெஸவூதா மட்டும் தாண்டவில்லை, மிதித்துச் சென்றாள். அவன் கத்தி எலும்பில் பட்டுப் பல் விழுந்துவிட்டது. இனி அது கோழிக்கும் ஆகாது.

அவன் என்னைக் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. நான் தவறாக ஊதியது பிழை. அது மன்னிக்கத் தக்கது. வெயிலைக் கண்டபின்னும் காவலர்களைத் திரும்ப அழைக்காமல் பாடிக்கொண்டிருந்தேன். விதி ஓய்வுநாளைத்தான் காக்கச் சொன்னது. கையை நசுக்கச் சொல்லவில்லை.

இரண்டு காரியங்கள் இப்போது உமது வாயில் இருக்கின்றன. குத்தியவன் யார் என்று பிரெஞ்சுப் போலீஸ் உம்மைக் கேட்கும். பெயரைச் சொன்னால் அவன் சிறைக்குப் போவான். நான் தடுக்கமாட்டேன். மற்றொன்று உமது தடை. இன்று திங்கள், வாசிக்க வேண்டிய நாள். பேழை திறக்கப்படவில்லை. நாளை மறுநாள் வேதம் அருளப்பட்ட திருநாள். பத்துக் கட்டளையை எழுந்து நின்று கேட்க வேண்டிய நாளில் ஹாரா மூடிய பேழைமுன் நிற்கப்போகிறது. இரத்தம் தெறித்த திரையை நான் மாற்றவில்லை. தடுத்த கை சொன்னாலொழிய அதைத் தொட எனக்கு உரிமை இல்லை.

சபை கேட்கச் சித்தமாயிருக்கிறது. என்ன வேண்டும், சொல்லும்.

ஸாஸி உஸான்


ஹூம்த் சூக்
சிவான் 5, செவ்வாய்

மச்சான்,

கஸாலா படித்துக் காட்டினாள். நெருப்பு மூட்டிய இடம் வந்ததும் சிரித்தாள். காலையில் இருந்து சிரிக்காதவள். எனக்குத் தொடை வலியில் சிரிக்க முடியவில்லை.

போலீஸ்காரன் வந்தான். "யார் குத்தினது?" என்று கேட்டான். கூட்டத்தில் முகம் தெரியவில்லை என்றேன். அவன் நம்பவில்லை. இரக்கத்தால் அப்படிச் சொன்னதாக எண்ணிவிடாதீர்கள். உங்கள் மகனை நான் மன்னிக்கவில்லை. சிறைக்குப் போனால் அவனுக்கு வேளாவேளைக்குச் சோறு, உட்கார்ந்து தின்பான். அந்த ஓய்வை நான் அவனுக்குக் கொடுக்கமாட்டேன்.

என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். உங்கள் மகனுடைய வலக்கை வேண்டும்.

பயப்படாதீர்கள். தோளோடு சேர்த்து, உயிரோடு வேண்டும். இந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அது என் அடுப்பில் விறகு தள்ளட்டும். ஒவ்வொரு பானையையும் கைமாற்றி வாங்கி உள்ளே வைக்கட்டும். மெஸவூதாவின் வீட்டுக்கு அவனே போய், அவள் பானையைச் சுமந்து வரட்டும். போகும்போது புதுப் பானை ஒன்று கொண்டுபோகட்டும், முட்டை இரண்டு. அவள் திட்டுவாள். கேட்டுக்கொண்டே நடக்கட்டும். நான் முக்காலியில் உட்கார்ந்து அவனுடைய ஒற்றைக் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். நான் சாகும்வரை அந்தக் கை எனக்கு. அதற்குள் ஒருநாள் மன்னிக்கத் தோன்றினால் மன்னிப்பேன். தோன்றாவிட்டால் அவன் அதைக் கேட்கக் கூடாது.

தடையை எடுத்துவிட்டேன். சுருள் என் கையை நசுக்கவில்லை. நாளைக்குப் பேழையைத் திறந்து வாசியுங்கள். திரையை மட்டும் மாற்ற வேண்டாம். கட்டளைகளைக் கேட்கும்போது எல்லோரும் அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டே கேட்கட்டும். வெள்ளிக்கிழமை அவன் அடுப்புக்கு வராவிட்டால், அடுத்த ஓய்வுநாளில் கம்பு ஊன்றி மறுபடி வருவேன்.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. இனி வெள்ளிக்கிழமை கூரைக்கு ஏறுமுன் என் வாசலுக்கு வாருங்கள். மேலே போய் வானத்தைப் பார்ப்பது அப்புறம். முதலில் குனிந்து என் அடுப்பைப் பாருங்கள். கடைசிப் பானை உள்ளே போய், களிமண் பூசியாகிவிட்டதென்றால் ஏறி ஊதுங்கள். அடுப்புவாய் திறந்திருந்தால் அது இன்னும் பகல்தான், மச்சான்.

கமூஸ்